எச்சில் குழல்

எச்சில் என்றாலே ஓரடி தள்ளி நிற்கிற ஊரில், எச்சிலில் கை வைத்தே பிழைப்பு நடத்தினாள் ஸ்ரீரஞ்சனி. பல் டாக்டர். தஞ்சாவூர் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே கிளினிக், மாடியில் வீடு. காலையில் கையுறை மாட்டினால் சாயங்காலம் வரை யாராவது ஒருவருடைய வாய்க்குள்தான் அவள் விரல்கள் இருக்கும்.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. மாடி ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரி நிறையக் குழல்கள். மூங்கில் குழல்தான் கடைக்குக் கடை கிடைக்கிறதே, ரஞ்சனி சேர்த்ததெல்லாம் மரக்குழல்கள். சந்தனம், செங்காலி, ஈட்டி. அயர்லாந்திலிருந்து வந்த வெள்ளிப் பூண் போட்ட ஒன்று. நேபாளத்து மலைக்காரன் வெறும் கத்தியால் குடைந்த ஒன்று. கும்பகோணத்துத் தேர்த் தச்சர் ஒருவர் விளையாட்டாகக் கடைந்து கொடுத்து, பிறகு "அது எப்படிம்மா சத்தம் வருது?" என்று அவளையே கேட்ட ஒன்று. அடுக்கி வைத்து அழகு பார்க்கிற ஆள் இல்லை அவள். கிளினிக்குக்கு இறங்குவதற்கு முன்னால் தினமும் ஒன்றை எடுத்து ஊதுவாள். சந்துக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் பால் பாக்கெட்டை உள்ளே எடுப்பார்கள்.

எல்லாம் போன ஐப்பசி வரை. அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து புடவையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. முகவாதம். மாத்திரை, மின்சாரச் சிகிச்சை, பலூன் ஊதும் பயிற்சி எல்லாம் ஆயிற்று. இமை மூடத் தொடங்கியது, நெற்றி அசைந்தது. உதடு மட்டும் வரவில்லை. "இத்தனை மாசத்துல வராதது இனிமே வர்றது கஷ்டம் டாக்டர்" என்று நரம்பு மருத்துவர் நாசூக்காகக் கையை விரித்துவிட்டார்.

பல் பிடுங்க உதடு வேண்டாம். குழலுக்கு உதடுதான் உயிர். அலமாரியில் இருந்த எந்தக் குழலை எடுத்து ஊதினாலும் காற்று இடது ஓரமாகச் சீறிக்கொண்டு வெளியே போயிற்று.

கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கணவன் நாணு அவளைச் சிரிக்க வைக்கப் பார்ப்பான். "விசில் வரலைன்னா கேஸ்கெட்டை மாத்தணும் ரஞ்சி. கடைல சொல்லி வைக்கட்டுமா?"

சிரித்தால் பாதி வாய்தான் சிரிக்கும். அதனால் ரஞ்சனி சிரிப்பதையும் விட்டிருந்தாள்.

ஆவணியில் ஒருநாள் கூத்தாநல்லூர் அப்துல் வஹாப் கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்தார். பழைய வீடுகளை இடிக்கும்போது கதவு, தூண், பித்தளைச் சாமான் என்று மொத்தமாக வாங்கி விற்கிறவர். அவளுடைய அலமாரியில் இரண்டு மூன்று குழல்கள் அவர் மூலமாக வந்தவை. பல்லைக் காட்டி முடித்ததும் பைக்குள்ளிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தார்.

"டாக்டரம்மா, இது உங்க சரக்குதானே பாருங்க."

கருங்காலி. கையில் வாங்கியதும் இரும்பைப் போலக் கனத்தது. விரல் வைக்கும் துளைகளின் ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று குழிந்திருந்தன. ரஞ்சனியின் விரல் அந்தக் குழிகளுக்குக் கொஞ்சம் பெரிது. சின்ன விரல்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்த இடம்.

"வலங்கைமான் பக்கத்துல ஒரு வீடு இடிச்சோம். பரண்ல கிடந்துச்சு" என்றார் வஹாப். "கழுவிட்டு ஊதுங்க. யாரு வாயில இருந்ததோ."

"நாள் பூரா நான் எதுல கை வெச்சிண்டிருக்கேன் பாய்? எச்சில்னா வெறும் தண்ணிதான்."

வழக்கமாக அவளும் துடைப்பாள். ஸ்பிரிட் பட்டால் பழைய மரம் வெடிக்கும் என்று எண்ணெய்த் துணியால் துடைப்பாள். அன்றைக்குத் துணியைத் தேடத் தோன்றவில்லை. எப்படியும் காற்றுதான் வரப்போகிறது, இதற்கு என்ன துடைப்பு என்ற அலுப்பு. குழலை அப்படியே உதட்டில் வைத்தாள்.

ஊதினாள். நாதம் வந்தது.

மெல்லிய நாதம். கொஞ்சம் கரகரப்பு. ஆனால் சுத்தமான சட்ஜம். அசையாத இடது உதட்டோரத்தை உள்பக்கத்திலிருந்து யாரோ இழுத்துப் பிடித்து மூடிக்கொண்டதைப் போலிருந்தது. அவள் பயந்து குழலை எடுத்தாள். அப்போதும் அந்தப் பிடி உடனே விடவில்லை.

கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் பிரகதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். "மேடம், உங்க வாய் நேரா இருக்கு."

அன்று முதல் காலையில் மறுபடி குழல் கேட்டது. சந்துக்காரர்கள் பால் பாக்கெட்டை எடுத்தார்கள். நாணு பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். மாதக்கணக்கில் அடைந்து கிடந்த சஹானாவும் காம்போதியும் ரஞ்சனியின் விரல்களில் வந்து நின்றன. ஒரு குறை மட்டும். நீளமான சங்கதியை ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை. நடுவில் மூச்சு அறுந்தது. பழக்கம் விட்டுப்போயிற்று, வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது நாளே இன்னொன்றும் கவனித்தாள். அலமாரியைத் திறந்து குழலை எடுத்தபோது வாய்த்துளையின் ஓரம் ஈரமாக இருந்தது. முந்தின நாள் காலை ஊதிய ஈரம் இத்தனை நேரம் நிற்காது. இது இப்போதுதான் யாரோ ஊதிவிட்டு வைத்த ஈரம்.

"ஏன்னா, இதை எடுத்து ஊதினேளா?"

"எனக்கு ஊதத் தெரிஞ்சது காபி ஒண்ணுதான்" என்றான் நாணு.

அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டாள். மறுநாளும் ஈரம். துடைத்துவிட்டு ஊதினாள், பழைய சீறல்தான் வந்தது. திகைத்துப்போய் குழலை மேஜை மேல் வைத்தாள். அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் வாய்த்துளை மறுபடி பளபளத்தது. அதைத் துடைக்காமல் உதட்டில் வைத்தாள். சஹானா தேனாக இறங்கிற்று.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. துடைத்தால் காற்று. துடைக்காவிட்டால் நாதம். புரிந்த பிறகும் அவள் துடைக்கவில்லை.

எச்சில் அவளுக்குத் தொழில். ஒருநாள் அந்த ஈரத்தை விரல் நுனியில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். நுரை நுரையாக இருந்தது. நுரையில் லேசாக ரோஜா நிறம். தன் ஈறுகளைக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். எங்கேயும் ரத்தம் இல்லை. கையைக் கழுவினாள். போய் உட்கார்ந்து மறுபடி ஊதினாள். பாதி வாயோடு காலம் தள்ளியவளுக்குத்தான் அது தெரியும். முழு வாய் கிடைத்தபின் அது எங்கிருந்து வந்தது என்று யார் கேட்பார்கள்?

நாணுதான் முதலில் கேட்டான். கேட்டது காபி விஷயத்தில்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். காலைக் காபியில் பாதியை ரஞ்சனி குடிப்பாள். அதே டம்ளரில் மீதிப் பாதி நாணுவுக்கு. அவனுக்குத் தனியாக முழு டம்ளர் கலந்தாலும் அந்தப் பாதிக்காகக் காத்திருப்பான். அன்று காத்திருந்து பார்த்துவிட்டுச் சமையலறைக்கு எழுந்து வந்தான். ரஞ்சனி முழுதும் குடித்துவிட்டு, டம்ளரைத் தனியாகப் பின்பக்கக் குழாயில் கழுவி, அங்கேயே மதில் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பங்கு எங்கடி?"

"வேற கலந்து தரேன்."

"வேற எதுக்கு? இத்தனை வருஷமா உன் எச்சில் காபிதானே குடிக்கறேன். இப்ப என்ன புதுசா ஆசாரம்?"

"வேண்டாம். ஒட்டிக்கும்."

"என்ன ஒட்டிக்கும்?"

"ஒட்டுவாரொட்டின்னா இது."

நாணு சிரித்தான். "எந்தக் காலத்து வார்த்தைடி? இன்ஃபெக்‌ஷன், இன்ஃபெக்‌ஷன்னுதானே ஊரையே மிரட்டிண்டிருப்பே."

ரஞ்சனியும் யோசித்துப் பார்த்தாள். அந்த வார்த்தையை எங்கே கற்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கில் வந்தது, சொன்னாள்.

சிரிப்பை நிறுத்திவிட்டு நாணு அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கைபேசியை எடுத்து ஒரு பழைய படத்தைத் தேடிக் காட்டினான். வாதம் வருவதற்கு முன்னால், பல் எல்லாம் தெரிய ரஞ்சனி சிரிக்கிற படம். "இப்பச் சிரி பார்க்கலாம்" என்றான். சிரித்தாள். கைபேசியை முகம் பார்க்கும் கண்ணாடிபோல் திருப்பிப் பிடித்தான்.

வலது பாதி அவளுடைய சிரிப்புதான், பல் தெரிய. இடது பாதி பல்லை மூடிக்கொண்டு சிரித்தது. வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் மேல் மூச்சுப் பட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

"இது நீ இல்லையே ரஞ்சி" என்றான் நாணு மெதுவாக.

அன்று பகலிலேயே கிளினிக்கில் அது நடந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து பஞ்சநதம் என்ற விவசாயி, வீங்கின கன்னத்தோடு வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். ரஞ்சனி குனிந்தாள். குனிந்தவள் சட்டென்று பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள். முந்தானை தானாக வாயைப் பொத்திற்று.

"எட்டிப் போயிடுங்கோ" என்றாள். "என் கிட்ட வரப்படாது."

பஞ்சநதம் திறந்த வாயை மூடினார். "ஏம்மா, பல்லு வலிக்குதுன்னு வந்தா எட்டிப் போன்னா, பல்லைக் கழட்டி இங்க வச்சுட்டு நான் வெளில போய் நிக்கிறதா?"

பிரகதீஸ்வரி சிரித்தாள். ரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளியிடமிருந்து தனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் பயப்படவில்லை. தன்னிடமிருந்து அவருக்கு ஒட்டிவிடும் என்று பயந்தாள். தனக்கு ஒன்றும் இல்லை என்று படித்த மூளைக்குத் தெரியும். கால் மட்டும் முன்னால் வர மறுத்தது. பஞ்சநதத்தை வேறு டாக்டரிடம் அனுப்ப வேண்டியதாயிற்று.

மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, கொல்லைப் பக்கத்துச் சாமான் அறையில் ஒரு பாய் விரித்திருந்தது. பக்கத்தில் அவள் தலையணை, அவள் தட்டு, அவள் டம்ளர். அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. பழைய ஃபேனும் அட்டைப் பெட்டிகளும் ஓர் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

"நான்தான் விரிச்சேனா?" என்று நாணுவைக் கேட்டாள்.

"காலம்பற. 'நான் இங்கயே இருந்துக்கறேன், சோத்தை வாசப்படியண்ட வெச்சாப் போறும்'னு சொன்னே." நாணுவுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

ரஞ்சனி கைபேசியை எடுத்து அப்துல் வஹாபைக் கூப்பிட்டாள். நாணுவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாய், அந்தக் கருங்காலிக் குழல் யாரோடது?"

"வேணாம்னா திருப்பிக் கொண்டாங்க டாக்டரம்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்" என்றார். பிறகுதான் சொன்னார். "அந்த வீட்டுக்காரரு சொன்னாரு. அவரோட தாத்தாவுக்கு ஒரு தங்கச்சியாம், வாலாம்பாள்னு பேரு. இளம்பொண்ணு. எளைப்பு நோயி. இப்ப டிபிங்கிறோமே, அது. கொல்லைல தனியா ஒரு கொட்டாய் போட்டு அதுல விட்டுட்டாங்க. தனித் தட்டு, தனி டம்ளரு. சோத்தைக் கிட்டக்க போய் வைக்க மாட்டாங்களாம், எட்ட நின்னு தூக்கிப் போடுறதுதான்."

"குழல்?"

"அண்ணன்காரரோடது. கொல்லைல மறந்து வச்சிட்டுப் போயிருக்காரு. இந்தப் பொண்ணு எடுத்து ஊதிட்டுது. அப்புறம் அதை யாரு தொடுவா? அந்தப் பொண்ணுக்கே ஆயிட்டுது. சாவுற வரைக்கும் ஊதிக்கிட்டே கிடந்துச்சாம். அது மவுத்தானதும் தட்டு, டம்ளரு, குழல் மூணையும் ஒரே துணில முடிஞ்சு பரண்ல தூக்கிப் போட்டுட்டாங்க. தட்டும் டம்ளரும் ஓட்டை. பித்தளைக்குப் போட்டுட்டேன்."

ரஞ்சனி குழலைப் பார்த்தாள். ஒரு வீடே தொட மறுத்த எச்சில். அதைத் துடைக்காமல், முகம் சுளிக்காமல் வாயில் வைத்தவள் அவள் ஒருத்திதான். வைத்த வாயோடு அந்தப் பெண் ஒட்டிக்கொண்டுவிட்டாள். வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. பாதி உதட்டைக் கொண்டு வந்தாள். அதோடு தன் கொட்டாயையும் கொண்டு வந்துவிட்டாள்.

கைபேசியை வைத்ததும் நாணு சொன்னான்: "நாளைக்கே கொண்டு போய்க் குடுத்துடலாம்."

"குடுத்தா உதடு போயிடும்."

"போகட்டுமே."

"சுலபமாச் சொல்றேள். நான் இனிமே ஊதவே முடியாது, தெரியுமோ? சாகற வரைக்கும் முடியாது."

"நீ அந்த ரூமுக்குள்ள படுத்துண்டு ஊது. நான் வாசல்ல நின்னு கேக்கறேன். அதானே வேணும்?" நாணு அவ்வளவு கடுமையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

மறுநாள் காலை ஈரத்தைத் துடைக்காமல் அவள் சஹானா வாசித்தாள். அப்படி ஒரு சஹானாவை முன்பு எப்போதும் வாசித்ததில்லை. முடித்துவிட்டுக் குழலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காருக்கு வந்தாள். கொடுக்கப் போகிறாளா, கொடுக்காமல் திரும்பப் போகிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால், ஓரமாக, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, நாணுவுக்கு மூச்சுப் படாமல் உட்கார்ந்தாள்.

வடுவூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்றங்கால். ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். நாணு வண்டியை மெதுவாக ஒதுக்கி ஓட்டினான். பின்புறம் காட்டும் கண்ணாடியில் ரஞ்சனியின் முகம் தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால், கொக்கு, அறுவடை இயந்திரம், எதையும் விடவில்லை. தினமும் பார்க்கிற வயலை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். நாணு கண்ணாடியைத் திருப்பிவிட்டு ஓட்டினான்.

கூத்தாநல்லூரில் வஹாப் வீடு நீளமான வீடு. வாசலில் நுழைந்து கொல்லைக்குப் போக ஒரு தெருவே நடக்க வேண்டும். வஹாப் நாணுவை முன்கூடத்தில் உட்கார்த்தினார். அவர் மனைவி ஹஃப்ஸா ரஞ்சனியின் கையைப் பிடித்து உள்கூடத்துக்கு அழைத்துப் போனாள். ரஞ்சனி கையை இழுத்துக்கொண்டாள். ஹஃப்ஸா அதைக் கவனிக்காதவளைப் போல மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மொத்தமும் சைவம்தான் டாக்டர். நெய்ச்சோறு, கறி போடாத தால்ச்சா, கத்திரிக்காய். உங்களுக்குன்னு இலை நறுக்கி வச்சிருக்கேன். எங்களோட சஹன்ல உட்காருவீங்களான்னு இவரைக் கேட்டேன். வாயை மூடிட்டு இருன்னாரு."

சஹன் என்பது பெரிய தாம்பாளம். அதில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். பாயில் துணி விரித்து நடுவில் சஹனை வைத்திருந்தார்கள். ஹஃப்ஸாவின் மருமகளும் நாத்தனாரும் முன்னமே உட்கார்ந்திருந்தார்கள். நெய்யும் ஏலக்காயும் மணத்தது.

"உங்களோடயே உட்காரறேன்" என்று சொல்ல ரஞ்சனி வாயைத் திறந்தாள். இடது உதடு மூடிக்கொண்டது. அவள் உட்கார்ந்தாள். கையைச் சோற்றுப் பக்கம் கொண்டு போனாள். விரல்கள் விறைத்து நின்றன. கண்ணில் நீர் திரண்டது. அப்போது வாய் பேசியது. குரல் ரஞ்சனியுடையது. பேச்சு அவளுடையது இல்லை.

"நான் இதுல கை வைக்கப்படாது. எனக்கு ஒட்டுவாரொட்டி. ஓரமாத் தூக்கிப் போட்டாப் போறும், எடுத்துக்கறேன். நீங்கள்லாம் எட்டிப் போயிடுங்கோ."

மருமகளின் கை பாதியில் நின்றது. நாத்தனார் ஹஃப்ஸாவைப் பார்த்தாள். முன்கூடத்தில் வஹாப் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. ஹஃப்ஸா ரஞ்சனியின் முகத்தைப் பார்த்தாள். முகம் முழுவதையும் இல்லை, இடது பக்கத்தை மட்டும். கணவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்திருக்க வேண்டும்.

"ஒட்டுனா ஒட்டட்டும்" என்றாள். "இந்த வீட்டுல யாருக்கும் சோத்தைத் தூக்கிப் போடுற பழக்கம் கிடையாது. உட்காரு புள்ள. பசியோட எவ்வளவு நேரம் நிப்பே?"

வாசலிலிருந்து இதுவரைக்கும் டாக்டர், வாங்க, உட்காருங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். இந்த 'உட்காரு' தனக்கில்லை என்று ரஞ்சனிக்குத் தெரிந்தது.

ஹஃப்ஸா நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீ கொஞ்சம் அந்தாண்ட தள்ளு. இடம் விடு."

நாத்தனார் தள்ளி உட்கார்ந்தாள். ரஞ்சனிக்கு இடது பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாயிற்று.

ரஞ்சனிக்குள் ஒரு பசி எழுந்தது. காலையில் சாப்பிட்ட இட்லிக்கு இத்தனை பசி எடுக்க நியாயமில்லை. யாரோடும் சேர்ந்து உண்ணாமல், எட்ட நின்று வீசியதைப் பொறுக்கித் தின்ற பசி அது. மடியில் துணிப்பைக்குள் குழல் கனத்தது. இந்தத் தட்டில் கை வைத்தால் வாலாம்பாள் இங்கேயே உட்கார்ந்துவிடுவாள், தன்னோடு வரமாட்டாள் என்று அவளுக்கு ஐயமறத் தெரிந்தது. காலையில் வாசித்த சஹானா கடைசி சஹானா ஆகிவிடும். இப்போது கையை இழுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, எனக்கு இலையே போதும்" என்றால் போதும். உதடு அவளுடையது. குழலும் அவளுடையது. சாமான் அறையில் பாய் விரித்தே கிடக்கிறது.

அந்த நினைப்பு முடிவதற்குள், இடது உதட்டோரம் துடித்தது. அழப்போகிற குழந்தையின் உதடு பிதுங்குவது மாதிரி. கெஞ்சவில்லை. கேட்டுப் பழக்கமே இல்லாதவளுக்குக் கெஞ்சத் தெரியாது.

ரஞ்சனி விறைத்த விரல்களை இடது கையால் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள். பிறகு சஹனில் கையை வைத்தாள். நெய்ச்சோற்றைப் பிசைந்து, மருமகளின் விரல் பட்ட இடத்திலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மென்றாள். இரண்டாவது கவளத்தை விழுங்கியபோது இடது கன்னத்தில் ஒரு பிடி தளர்ந்தது. கூட்டத்தில் கைபிடித்து நடந்தவள், தெரிந்தவர்களைக் கண்டதும் மெதுவாக விரலை உருவிக்கொள்வாளே, அப்படி. உதட்டோரம் தொங்கிற்று. வாயிலிருந்த சோறு இடது பக்கமாக வழிந்து புடவையில் உதிர்ந்தது. ரஞ்சனி மேலுதட்டை ஒருமுறை குவித்துப் பார்த்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியே போயிற்று.

யாரும் முகம் சுளிக்கவில்லை. ஹஃப்ஸா தன் முந்தானையால் அவள் மோவாயைத் துடைத்துவிட்டாள். "மெதுவாச் சாப்பிடுங்க டாக்டர்" என்றாள். மறுபடி 'ங்க' வந்துவிட்டது.

ரஞ்சனி அழுதாள். அழுதுகொண்டே அடுத்த கவளத்தை எடுக்கக் குனிந்தவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

சஹனின் இடது ஓரத்தில், யாரும் உட்காராத பக்கத்தில், சோறு குழிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் குழிந்தது. குவியலின் நடுவில் கை வைக்கக் கூச்சப்பட்டு, ஓரத்திலிருந்தே சின்னச் சின்னதாக எடுப்பதுபோல. பக்கத்தில் வைத்திருந்த கத்திரிக்காயில் ஒன்று பிய்ந்தது.

மருமகளும் அதைப் பார்த்துவிட்டாள். "மாமி..." என்றாள்.

"சாப்பிடு" என்றாள் ஹஃப்ஸா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. சட்டியிலிருந்து ஒரு கரண்டி நெய்ச்சோறு எடுத்து, குனிந்த தலை நிமிராமல், அந்தக் குழியை நிரப்பினாள்.